யூஜினிக்கு ஒரு டிக்கெட்

கல்லுக்கெல்லாம் டிக்கெட் போட முடியாது என்று கவுண்டரில் இருந்த பெண் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். சரக்கு என்றால் நாளைக்குச் சரக்குப் படகு போகிறது, சிமெண்டு மூட்டை, வெங்காய மூட்டையோடு அதில் ஏற்றிவிடலாம் என்றாள். தியோஃபில் நகரவில்லை. அவன் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. எல்லாம் கரியாகூ தீவுக்குப் போகிற சனம். ஒருத்தி கையில் கோழிக்குஞ்சுப் பெட்டி. இன்னொருவன் தலையில் பிளாஸ்டிக் நாற்காலி.

"சரக்கு இல்லம்மா. என் பொண்டாட்டி," என்றான் தியோஃபில்.

அந்தப் பெண் கிரனடாவின் தலைநகரான செயிண்ட் ஜார்ஜஸ் டவுன்காரி. அவளுக்கு இது விளங்கவில்லை. வரிசையில் நின்ற கரியாகூக் கிழவர் ஒருவர்தான் எட்டிப் பார்த்தார். வெள்ளைத் துணி சுற்றித் தள்ளுவண்டியில் கிடந்ததைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார்.

"அந்தம்மாவோட கல்லு பொறந்த வீட்டுக்குப் போகுது, தாயி. ஆளுக்குப் போடற டிக்கெட்டயே போடு. நாங்களும் இன்னிக்கே ஊர் போய்ச் சேரணும்ல."

பேரைக் கேட்டாள். யூஜினி என்று சொன்னான். இரண்டு டிக்கெட்டைக் கிழித்து நீட்டினாள். தியோ அதைக் கைக்குட்டைக்குள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

தியோஃபில் குவாவ் ஊர்க்காரன். மீன்பிடிக்கிற ஊர் அது. அவன் வீட்டில் அப்பன், சித்தப்பன், அண்ணன் எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். இவன் மட்டும் கடலைப் பார்த்தாலே முகத்தைச் சுளிப்பான். காலுக்குக் கீழே தரை ஆடினால் அவனுக்கு ஆகாது. பள்ளிக்கூடமும் ஒட்டவில்லை. சிமெண்டையும் மணலையும் குழைத்து அச்சில் ஊற்றிக் கல் அறுக்கப் போனான். அதிலேயே முடி நரைத்துவிட்டது. இன்று குவாவில் எந்தச் சுவரைத் தட்டினாலும் பாதிக்குப் பாதி அவன் கல்தான். புயலில் கூரைகள் பறந்தனவே தவிர அவன் கல் நின்றது. அதில் அவனுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

யூஜினியைப் பார்த்ததும் அந்தக் கல்லால்தான். அவள் கரியாகூவிலிருந்து பிழைப்புக்கு வந்து ஆஸ்பத்திரி சமையல்கட்டில் இருந்தாள். கோழிக்கூண்டு கட்டக் கொஞ்சம் கல் வாங்கிப் போனவள், மறுநாள் ஒரு கல்லை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். மூலை உடைந்த கல்லை அடியில் வைத்து ஏற்றிவிட்டாய் என்று தெருவே கேட்கச் சண்டை பிடித்தாள். அவன் வேறு கல் கொடுத்தான். கூண்டையும் அவனே போய்க் கட்டிக் கொடுத்தான். அப்புறம் அவளையே கட்டிக்கொண்டான். ஒரே மகள். அவள் டொராண்டோவில் இருக்கிறாள்.

யூஜினிக்கும் கடல் ஆகாது. இது ஒன்றில் இரண்டு பேருக்கும் நல்ல பொருத்தம். ஆனாலும் அவள் வருசம் தவறாமல் அவனையும் இழுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவாள். படகில் போகிற திசை பார்த்துத்தான் உட்காருவாள். பின்னுக்குப் பார்த்து உட்கார்ந்தால் துறைமுகம் தாண்டுமுன்னே வாந்தி. போகிற வழியெல்லாம் ஒரு எலுமிச்சங்காயை மூக்கில் வைத்து மோந்துகொண்டே போவாள். சர்க்கரை முற்றிக் காலைப் பிடித்து அவள் கிடந்தபோது, அம்மா பக்கத்தில் கொண்டுபோய்ப் புதையுங்கள் என்று மட்டும் சொன்னாள். தியோ அப்படியே செய்தான்.

கல்லறைமேல் கல் மட்டும் வைக்கவில்லை.

கரியாகூவில் இது சின்ன விசயமில்லை. ஆளை மண்ணில் இறக்கியதோடு காரியம் முடியாது. கல் வர வேண்டும். வந்த கல் முதலில் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டில் கட்டில் விரித்து, தலையணை வைத்து, அந்த மனுசியையே படுக்க வைப்பதுபோல் கல்லைப் படுக்க வைத்து வெள்ளைத் துணி போர்த்துவார்கள். படகிலிருந்து கட்டில்வரை நடுவில் தரையில் படக்கூடாது. அப்புறம் ஒரு நாள் பார்த்து, ஊரைக் கூட்டி, பறையடித்து, சோறு போட்டு, கல்லை இடுகாட்டில் நடுவார்கள். அதுவரை செத்தவர் பாதி வழியில் நிற்கிறார் என்றுதான் பேச்சு. கல் வைக்காத புருசனை எந்தப் பெண் வீட்டிலும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள்.

எட்டு வருசமாகத் தியோவிடம் ஒவ்வொரு வருசமும் ஒரு காரணம் இருந்தது. புயலில் கூரை போன வருசம் ஊர் முழுக்கக் கல் கேட்டது. அடுத்த வருசம் முதுகு பிடித்துக்கொண்டது. அதற்கடுத்து நல்ல மணல் கிடைக்கவில்லையாம். குவாவில் மணலுக்கா பஞ்சம்?

நடுவில் கார்மெட்டா வந்தாள். ஜாதிக்காய் வாங்கிக் காயவைக்கிற ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்து நாள் முழுக்கக் காய் தரம் பிரிக்கிறவள். விரல் நுனியெல்லாம் காவி ஏறியிருக்கும். புருசன் ஆருபா தீவுக்கு வேலைக்குப் போய் விவாகரத்து வாங்கிக்கொண்டு அங்கேயே ஒருத்தியோடு இருந்துவிட்டான். அதை அவள் காய்ச்சல் வந்து போன மாதிரி சொல்லுவாள். சாயங்காலம் தியோவின் கல் களம் வழியாகத்தான் வீட்டுக்குப் போவாள். முதலில் நின்று பேசினாள், பிறகு அச்சைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பேசினாள். நாலு வருசம் இப்படியே போனது. கட்டிக்கொள்ளலாமா என்று அவன் கேட்டபோது அவள் அச்சிலிருந்து எழுந்துகொண்டாள்.

"உன் வாசல்ல ஒருத்தி மழையில நனைஞ்சுகிட்டு நிக்கிறா, தியோ. அவளத் தாண்டி நான் உள்ள வரமாட்டேன்," என்றாள்.

யூஜினி கனவில் வந்து நிற்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. தலைமுடி சொட்டச் சொட்ட, பேசாமல், வாசற்படியில். அந்த வாரமே அச்சைத் தட்டினான். கை முழம் ஒன்றரை நீளம், நாலு விரல் கனம். ஊருக்கு அறுக்கிற கல்லை அரை நாளில் உலர்த்துகிறவன், இதை ஈரச்சாக்குப் போட்டு மாதக்கணக்கில் பதம் பார்த்தான். பேரை மட்டும் பள்ளிக்கூட வாத்தியாரை எழுதித் தரச் சொல்லி, ஆணியால் அவனே கொத்தினான்.

இனி எல்லாம் யூஜினியின் அக்கா இஸ்மே கையில். அந்தக் குடும்பத்துக்கு மூத்தவள் அவள். அவள் கல்லை வாங்கிக் கட்டிலில் கிடத்தினால் தியோ விடுபட்டான். கார்மெட்டாவைக் கட்டிக்கொள்ளலாம். "முத்தத்துல சாத்தி வச்சிட்டுப் போ" என்று சொல்லிவிட்டால் ஆயுசுக்கும் செத்தவளுக்குப் புருசன்தான். அப்படி முற்றத்தில் பாசி பிடித்துக் கிடக்கிற கற்கள் கரியாகூவில் உண்டு. காலையில் போய் மத்தியானப் படகில் திரும்பிவிடுகிற பயணம்தான். ஆனால் அவன் விடியுமுன்னே எழுந்து கல்லைத் துணியில் சுற்றிவிட்டான்.

கார்மெட்டாவை வரவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். செத்தவள் கல்லோடு அடுத்தவள் போவது முறையில்லை. சரி என்றுதான் தலையாட்டினாள். இப்போது படகுப் படிக்கட்டில் கோவிலுக்குப் போடுகிற தொப்பியும் கூடையுமாக நிற்கிறாள்.

"உன்கூட வரல. என் காசுல டிக்கெட் வாங்கிருக்கேன். இந்த வயசுவரைக்கும் கரியாகூ பாத்ததில்ல, பாத்துட்டு வரலாம்னு," என்றாள்.

மூன்று வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்து வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டாள். படகு வேலைக்காரன் டெல்லன் கூடவே ஒரு கை பிடித்துக் கல்லைத் தூக்கி வந்து ஜன்னலோர இருக்கையில் சாத்தினான். பேர் கொத்திய பக்கம் முன்னால் தெரிகிற மாதிரி வைத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டான். அக்காவுக்குத் தண்ணி வேணுமா என்று கல்லைக் கேட்டுவிட்டு, தியோ முறைத்ததும் நகர்ந்தான்.

கிரனடாவின் மேற்குக் கரை ஓரமாகப் போகிறவரை கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. குவாவைத் தாண்டும்போது தியோ ஜன்னல் வழியாகத் தன் களத்தைப் பார்த்தான். கடலிலிருந்து பார்க்கையில் அவன் அறுத்துக் காயப்போட்ட கற்கள் கோழிமுட்டை அடுக்கின மாதிரி தெரிந்தன. இவ்வளவுதானா என்று இருந்தது.

மலை மறைவு முடிந்தது. கிக்கெம் ஜென்னிப் பாறைக்குப் பக்கம் வந்ததும் கடல் எழுந்தது. அங்கே எப்போதும் அப்படித்தான். பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். டெல்லன் பிளாஸ்டிக் பைகளை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக வந்தான். படகு ஒரு பக்கம் தூக்கிப் போட்டபோது கல் சரிந்தது. தியோ பாய்ந்து கட்டிப்பிடித்தான். அடுத்த அலைக்கு அவனும் கல்லும் சேர்ந்து சரிந்தார்கள். குடல் தொண்டைக்கு வந்தது. ஒரு கை கல்லுக்கு, ஒரு கை வாய்க்கு. நாற்பது கிலோ கல்லை ஒரு கையில் எவ்வளவு நேரம் பிடிப்பது? விழுந்தால் இரண்டு துண்டு. உடைந்த கல்லை இஸ்மே வாசலில்கூட வைக்கவிடமாட்டாள்.

அப்போதுதான் கார்மெட்டா இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து வந்தாள். கல்லுக்கு அந்தப் பக்கம் இறுக்கி உட்கார்ந்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இவங்கள ஏன் பின்னுக்குப் பாத்து உக்கார வச்சிருக்கே? அவங்களுக்குத்தான் ஆகாதே."

தியோவுக்கு அப்போதுதான் உறைத்தது. கதவுக்குப் பக்கம், தூக்கி வைக்கச் சௌகரியம் என்று பின்னுக்குப் பார்த்த வரிசையில் வைக்கச் சொன்னது அவன்தான். இருபது வருசம் கூடவே இருந்தவனுக்கு இது மறந்துபோயிற்று. டெல்லனைக் கூப்பிட்டார்கள். பொல்லாத அலையிலே மூன்று பேருமாக யூஜினியைத் தூக்கி எதிர் இருக்கைக்கு மாற்றினார்கள். கரியாகூக் கிழவர் அங்கிருந்தே, தலையைத் தாங்கிப் பிடிங்கப்பா என்று குரல் கொடுத்தார். கார்மெட்டா கூடையிலிருந்து ஒரு எலுமிச்சங்காய் எடுத்துப் போர்வை மடிப்புக்குள் வைத்தாள். இன்னொன்றைத் தியோவின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

கரியாகூவின் ஹில்ஸ்பரோ ஜெட்டியில் இஸ்மே குடையோடு நின்றாள். எழுபதைத் தொட்டவள். நெடுநெடுவென்று வெள்ளை உடுப்பில். படகைக் கட்ட டெல்லன் கயிற்றுக்கு ஓடிவிட்டான். இறங்குகிற கூட்டம் பின்னாலிருந்து தள்ளுகிறது. கல்லைக் கீழே வைக்கவும் முடியாது. தியோ தலைப் பக்கம் பிடித்திருந்தான். கால் பக்கத்தைக் கார்மெட்டா தூக்கிக்கொண்டாள். அப்படித்தான் இரண்டு பேரும் இறங்கினார்கள்.

இஸ்மே அந்தப் பெண்ணைத் தொப்பியிலிருந்து செருப்புவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தியோவைப் பார்த்தாள்.

"குவாவ்ல பாதி சுவரு உன் கல்லாம்ல, மாப்ள. என் தங்கச்சிக்கு ஒரே ஒரு கல்லு அறுக்க எட்டு வருசம். நல்ல மேஸ்திரிதான்."

சொன்னதில் பொய் இல்லையே. பக்கத்து வீட்டுக்காரனின் டிரக்கில் ஏறினார்கள். இஸ்மே முன்னால் டிரைவர் பக்கம். பின்னால் தியோவும் கார்மெட்டாவும் எதிரெதிராக உட்கார்ந்து கல்லை மடியில் வாங்கிக்கொண்டார்கள். மேட்டுப்பாதையில் ஒவ்வொரு குழிக்கும் கல் தொடையில் இடித்தது. வழியெல்லாம் இஸ்மே திரும்பியே பார்க்கவில்லை. அவள் பின்னங்கழுத்தைப் பார்த்தே தியோவுக்கு நம்பிக்கை போய்விட்டது.

வீட்டு வாசலில் நாலைந்து பெண்கள் நின்றார்கள். உள்ளே கட்டில் விரித்திருந்தது. தலையணை இருந்தது. தியோ படியில் கால் வைத்தபோது இஸ்மே கதவுக்குக் குறுக்கே கையை நீட்டினாள்.

"இது யாரு?"

கல் கனத்தது. கார்மெட்டாதான் பேசினாள். பேர் கார்மெட்டா, ஊர் குவாவ், வேலை ஜாதிக்காய் ஸ்டேஷனில் என்றாள்.

"நான் பேரக் கேக்கல."

"தெரியுது, அக்கா. அத அவர்தான் சொல்லணும். கை வலிக்குது, கொஞ்சம் சீக்கிரமா சொல்லச் சொல்லுங்க."

வாசலில் ஒருத்தி சிரிப்பை இருமலாக மாற்றினாள். தியோ கல்லைத் தொடையில் தாங்கிக்கொண்டு இஸ்மேயைப் பார்த்தான்.

"இவளக் கட்டிக்கலாம்னு இருக்கேன், அக்கா. யூஜினி உள்ள படுத்த பிறகு. நீங்க அவள உள்ள விட்டா."

இஸ்மே கையை எடுக்கவில்லை. அவள் பார்வை தியோவைத் தாண்டிக் கார்மெட்டா மேலேயே இருந்தது.

"வழியில வாந்தி எடுத்தாளா?"

யாரைப் பற்றிக் கேட்கிறாள் என்று அங்கே எவருக்கும் சந்தேகமில்லை.

"எடுக்கல," என்றாள் கார்மெட்டா. "பின்னுக்குப் பாத்து உக்கார வச்சிருந்தாரு. ஜென்னிகிட்ட திருப்பி வச்சோம். மடியில எலுமிச்சங்கா வச்சிருக்கேன், பாருங்க."

"எலுமிச்சங்கா கதை உனக்கு யார் சொன்னது?"

"யார் சொல்லுவா? நாலு வருசமா இந்த மனுசன்கூட பேசறேன். அதுல மூணு வருசம் உங்க தங்கச்சி கதைதான். அவங்க ரொட்டி சுட்டது, கல்லத் தூக்கிட்டு வந்து சண்ட போட்டது, உங்க ரெண்டு பேருக்கும் ஒரே கவுனு இருந்தது. சில நாளு எரிச்சலா வரும். கேட்டுத்தான் ஆகணும், வேற வழி?"

இஸ்மே போர்வை மடிப்பை விலக்கிப் பார்த்தாள். எலுமிச்சங்காயை எடுத்து மோந்தாள். திரும்ப அங்கேயே வைத்தாள். கதவுக்குக் குறுக்கே இருந்த கை இறங்கியது.

"கால் பக்கம் முதல்ல. நெல தாழ்வா இருக்கு, தலைய இடிச்சிராதீங்க."

கார்மெட்டா முதுகு காட்டிப் பின்னுக்கு நடந்து முதலில் உள்ளே போனாள். கட்டிலில் கிடத்தினார்கள். இஸ்மே துணியை இழுத்துச் சரிசெய்து, ஆணியால் கொத்திய எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதன்மேல் விரல் நின்றது, பிறகு நகர்ந்தது. பெண்கள் கட்டிலைச் சுற்றி ரம்மும் தண்ணீரும் தெளித்தார்கள். தியோ வேர்வையைத் துடைக்கக் கைக்குட்டையை உருவினான். டிக்கெட்டுகள் தரையில் விழுந்தன.

இஸ்மே குனிந்து எடுத்தாள். யூஜினி பேர் போட்டதைக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துப் படித்தாள். அவளுக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

"இது யூஜினி டிக்கெட்டா?"

"ஆமா, அக்கா. சரக்குல போடச் சொன்னாங்க, நான் ஒத்துக்கல."

"போறதுக்கும் இருக்கு, வர்றதுக்கும் இருக்கு. திருப்பிக் கூட்டிட்டுப் போறதா இருந்தியா?"

பெண்கள் சிரித்தார்கள். தியோ டிக்கெட்டையே பார்த்தான். கவுண்டரில் அவன் சொன்னது ஞாபகம் வந்தது. அவளோடு ஊருக்கு வந்த ஒவ்வொரு வருசமும் சொன்ன அதே வார்த்தை.

"ரெண்டு பேரு, போயிட்டு வரன்னு கேட்டேன்," என்றான். "வாய் தானா சொல்லிருச்சு, அக்கா."

சிரிப்பு நின்றுவிட்டது. அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். வருசா வருசம் அவன் சொல்லியனுப்பிய மணலும் முதுகும் புயலும் எதற்கென்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் அந்த நிமிசத்தில் தெரிந்துபோயிற்று. அவனுக்கும்தான்.

இஸ்மே டிக்கெட்டை நிதானமாக இரண்டாகக் கிழித்தாள். வந்த பாதியைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். திரும்புகிற பாதியை நாலாகக் கிழித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அவ வந்து சேந்துட்டா, மாப்ள. இங்கதான் இருப்பா. நீ போலாம்."

பிறகு சாப்பாடு. கூக்கூ என்கிற சோளமாவுக் களியும் துவரைக் குழம்பும் கருவாடும். முதல் தட்டு கட்டில் பக்கத்தில் யூஜினிக்கு. கொஞ்ச நேரம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. அப்புறம் இஸ்மே அந்தத் தட்டை எடுத்து வந்து கார்மெட்டா முன்னால் வைத்தாள். அது வீட்டு ஆட்கள் மட்டும் சாப்பிடுகிற தட்டு. கார்மெட்டாவுக்கு அது தெரிந்ததோ இல்லையோ, ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை. கல் நடுகிற விருந்து ஈஸ்டர் கழிந்து என்றும், கலியாணத்தை அதற்குப் பிறகு, புயல் மாசம் பிறக்குமுன் முடித்துவிடுங்கள் என்றும் இஸ்மே சொன்னாள். சொல்லும்போதே, விருந்துக்குக் கடா இரண்டு தியோ பொறுப்பு என்று சேர்த்துக்கொண்டாள்.

மத்தியானப் படகில் கூட்டமில்லை. கார்மெட்டா பழையபடி மூன்று வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தாள். தியோ பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினான். அவள் தலையசைத்து மறுத்துவிட்டாள். பக்கத்தில் வெறும் இருக்கை. அதில் கையை வைத்துக்கொண்டு அவன் வந்தான். அவளும் அவனைத் தொந்தரவு செய்யவில்லை.

ஜென்னி தாண்டியது. குவாவுக்கு நேரே வந்தபோது வெயில் சாய்ந்து ஊர்ச் சுவர்களெல்லாம் மஞ்சளாக நின்றன. அப்போதுதான் அவள் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கரையைப் பார்த்து விரலை நீட்டினாள்.

"அதானே உன் வீடு? அடுப்படிக்குக் கடல் பக்கம் ஜன்னலே இல்லையே."

"இல்ல. அவளுக்குக் கடலப் பாத்தாலே ஆகாது."

"எனக்கு வேணும்."

தியோ கண்ணை இடுக்கிச் சுவரைப் பார்த்தான். அவன் அறுத்த கல், அவன் வைத்த பூச்சு. எந்த வரிசையில் கை வைத்தால் மேல்சுவர் இறங்காது என்று யோசித்தான்.

"மேல ஒரு தாங்கு கட்ட குடுத்துட்டு, ஆறு கல்லு எடுத்தாப் போதும்," என்றான்.

"எட்டு," என்றாள் கார்மெட்டா.